ஆஸ்பத்திரியில் 'ஆபரேஷன்ஸ்' பார்ப்பவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வீடு தண்டையார்பேட்டை. 2004-ல் வட சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரவு பில்லிங் கவுன்டரில் சேர்ந்தேன், நடுவில் இரண்டு இடம் மாறி, இப்போது வேறொரு மருத்துவமனையில் ஆபரேஷன்ஸ் மேலாளர். சமீபத்தில் எங்கள் நிறுவனத்துக்குப் புது சிஓஓ, அதாவது தலைமை இயக்க அதிகாரி, வந்தார். அவர் டாக்டர் இல்லை. அன்றிலிருந்து வார்டிலும் மெட்ரோவிலும் எங்கள் தெருவிலும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், அதனால் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளைப் போட்டுப் பதிலை எழுதி வைக்கிறேன்.

"ஆபரேஷன்ஸ் மேனேஜர்னா நீதான் ஆபரேஷன் பண்றியாம்மா?"

இல்லை ஆயா, கத்தியைத் தொட்டதே இல்லை. (எதிர்வீட்டு ஆயா இன்னமும் தன் கண்புரையை நான்தான் எடுக்கப்போகிறேன் என்று நம்புகிறார்.) இங்கே ஆபரேஷன்ஸ் என்றால் மருத்துவமனையை ஓட்டுகிற வேலை. டாக்டர் நோயாளியைப் பார்க்கிறார், நர்ஸ் ஊசி போடுகிறார். அந்தக் கட்டில் அந்த நேரத்தில் காலியாக இருந்ததா, விரிப்பு மாற்றியாச்சா, லிஃப்ட் ஓடுகிறதா, தியேட்டருக்குப் போக வேண்டிய கருவித் தட்டு சிஎஸ்எஸ்டி என்கிற கிருமி நீக்கும் பிரிவிலிருந்து வந்ததா, ஆக்சிஜன் இருப்பு எவ்வளவு, கரன்ட் போனால் ஜெனரேட்டர் எத்தனை வினாடியில் பிடிக்கும், பில் எப்போது ரெடியாகும், ராத்திரி இரண்டு மணிக்குப் பிணவறைச் சாவி யாரிடம் இருக்கிறது, இதெல்லாம் என் தலையில்.

ஒரு கிளைக்கு ஆபரேஷன்ஸ் மேலாளர், அவருக்கு மேல் யூனிட் ஹெட், பல கிளைகளுக்கு மண்டலத் தலைவர், எல்லாவற்றுக்கும் மேலே சிஓஓ. பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் பெயரை வைத்து எடை போடாதீர்கள்.

"டாக்டருக்குப் படிக்காத ஒருத்தரு ஆஸ்பத்திரிய எப்படிங்க நடத்த முடியும்?"

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான், ஏனென்றால் நமக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஸ்டான்லி அரசு மருத்துவமனை. அங்கே தலைமையில் டீன், அவர் டாக்டர். அன்றாட நிர்வாகத்தைப் பார்க்கிற நிலைய மருத்துவ அலுவலர், அதாவது ஆர்.எம்.ஓ., அவரும் டாக்டர். தனியாரில் இதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சிகிச்சை சம்பந்தப்பட்ட முடிவு மருத்துவ இயக்குநருடையது அல்லது மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட்டுடையது, ஓட்டம் ஆபரேஷன்ஸுடையது. எந்த மருந்து, எந்த அறுவை என்பதில் நான் வாய் திறந்தால் தப்பு, அந்த மருந்து ஸ்டாக்கில் இல்லாமல் போனால் அதுவும் என் தப்பு.

டாக்டர் அல்லாதவர் இதைச் செய்ய முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் செயல்பாடுகளைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்ட ஆர்.டி. துளசிராஜ் கண் டாக்டர் இல்லை, கல்கத்தா ஐஐஎம்மில் நிர்வாகம் படித்தவர். அங்கே ஒரு டாக்டர் ஒரு நோயாளிக்கு அறுவை செய்து முடிப்பதற்குள் பக்கத்து மேசையில் அடுத்தவரைத் தயாராக வைத்துவிடுவார்கள், டாக்டர் திரும்பி உட்கார்ந்தால் போதும். அந்த 'பக்கத்து மேசை'தான் ஆபரேஷன்ஸ். இன்னொன்று, 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்கு வழியாகக் கொடுக்கிற அந்த ஏற்பாட்டைக் கட்டியெழுப்பி நடத்திவருபவர்கள் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள்.

"அப்ப எங்கேர்ந்துதான் வர்றாங்க? இதுக்குன்னு தனிப் படிப்பா?"

ஒரே வாசல் கிடையாது, இதைச் சொன்னால் நிறைய பேருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. நான் பார்த்தவரை மூன்று நான்கு வகை. மருத்துவமனை நிர்வாகமே படித்துவிட்டு நேராக வருபவர்கள். உள்ளேயே வளர்ந்தவர்கள், அதாவது என்னைப் போல பில்லிங்கில், வரவேற்பில், காப்பீட்டு டெஸ்க்கில் தொடங்கி ஏறியவர்கள், கூடவே செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து இந்தப் பக்கம் வந்தவர்கள். அப்புறம் டாக்டராக இருந்துகொண்டே நிர்வாகம் படித்து மாறியவர்கள், இதில் ராணுவ மருத்துவப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று வருபவர்களும் சேர்த்தி. (அவர்கள் வந்த முதல் வாரத்திலேயே கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரம் காட்டத் தொடங்கும், கேலியாகச் சொல்லவில்லை, ஒரு ஐசியூவில் அது பெரிய விஷயம்.) கடைசி வகை, சுகாதாரத் துறைக்கு வெளியிலிருந்து வருபவர்கள்: ஓட்டல், விமான நிறுவனம், தொழிற்சாலை, சில்லறைக் கடைச் சங்கிலி, கணக்குத் தணிக்கை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 'ஹெல்த்கேர் நிறுவனம்' என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருப்பதும் ஹெல்த்கேர்தான், மருந்துக்கடைச் சங்கிலியும் ஹெல்த்கேர்தான், டயாலிசிஸ் மையமும், வீட்டுக்கே நர்ஸ் அனுப்புகிற நிறுவனமும் அதேதான். லேப்பில் பாதி வேலை, திருவொற்றியூரில் காலை ஆறு மணிக்கு எடுத்த ரத்தத்தைக் குளிர்ச்சி கெடாமல் சோதனை மேசைக்குக் கொண்டு சேர்ப்பது. அதற்கு கூரியர் கம்பெனி அனுபவம் உள்ளவர் கச்சிதம். அதே ஆளை 200 படுக்கை மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நிறுத்தினால் முதல் மாதம் திணறுவார்.

"ஸ்டார் ஓட்டல்ல இருந்தவர கூட்டியாந்து சிஓஓ ஆக்கிருக்காங்க. இன்னாக்கா, நோயாளி இன்னா கெஸ்ட்டா?"

கேட்ட தம்பி எங்கள் வார்டு பாய், அவன் கோபத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஓட்டலில் அறை காலியாகாவிட்டால் அடுத்த விருந்தினர் லாபியில் காபி குடிப்பார். இங்கே கட்டில் காலியாகாவிட்டால் அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சரிலேயே ஒருவர் கிடப்பார்.

ஆனாலும் ஓட்டல்காரர்களை நான் ஒதுக்க மாட்டேன். ஹவுஸ்கீப்பிங், சமையலறை, துணி வெளுப்பு, அறையை அரை மணியில் தயார் செய்வது, கத்துகிற ஆளிடம் குரல் உயர்த்தாமல் பேசுவது, இதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை, எங்களில் பலருக்கு வராது. அவர்கள் தடுமாறுவது தொற்றுக் கட்டுப்பாட்டில். பளபளவென்று இருந்தாலே சுத்தம் என்று நினைத்துவிடுவார்கள். அப்படி வருபவர் முதல் ஆறு மாதம் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் பின்னாலேயே சுற்றினால் தேறிவிடுவார், பவர்பாயின்ட் போட்டுக்கொண்டிருந்தால் சந்தேகம்தான். எங்கள் புதியவர் இப்போதைக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

"எம் பையன் தியாகராயா காலேஜ்ல பி.காம். முடிக்கப் போறான். எம்.எச்.ஏ. சேக்கறதா, எம்.பி.ஏ.வா?"

எம்.எச்.ஏ. என்பது மருத்துவமனை நிர்வாகத்தில் முதுகலை. எம்.பி.ஏ.விலும் மருத்துவமனை மேலாண்மையைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். வேலைக்கு எடுப்பவர்கள் இரண்டையும் பெரிதாக வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆனால் சேரும் முன் தகுதியைப் பாருங்கள்: டெல்லி எய்ம்ஸின் மருத்துவமனை நிர்வாக முதுகலை எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கானது, மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் மற்றப் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். பெயர் ஒன்று என்பதற்காகக் கட்டணம் கட்டிவிட்டு அப்புறம் முழிக்காதீர்கள்.

கல்லூரியில் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: உள்ளிருப்புப் பயிற்சி எத்தனை மாதம், எந்த மருத்துவமனையில், அதில் இரவு ஷிஃப்ட் உண்டா? இல்லையென்றால் பையன் படித்துவிட்டு வந்ததும் ஞாயிறு ராத்திரி வேலை என்றதும் ஓடிவிடுவான். நான் பாரதி மகளிர் கல்லூரியில் பி.காம்., பிறகு வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் எம்.பி.ஏ. பட்டம் பதவி உயர்வுக்கு உதவியது, மறுக்கவில்லை. வேலையைக் கற்றுக்கொண்டது கவுன்டரில்.

"பதினோரு வருஷமா ஸ்டாஃப் நர்ஸ். வயசு முப்பத்தி நாலு. இந்தப் பக்கம் வரலாமா, லேட்டா?"

வாங்க. இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். மூன்றாவது கேள்வியில் சொன்ன எல்லா வகையிலும் நல்ல ஆபரேஷன்ஸ் ஆள் உண்டு, ஆனால் வார்டு எப்படி மூச்சு விடுகிறது என்று நர்ஸாக இருந்தவருக்குத்தான் காதில் கேட்கும். குறை இருப்பது பணக் கணக்கில். சம்பளப் பட்டியல், பராமரிப்பு ஒப்பந்தம், மாத லாப நட்டம் இவற்றை நர்ஸிங்கில் யாரும் சொல்லித் தருவதில்லை. தரப் பிரிவில், அதாவது மருத்துவமனைத் தரத்துக்கான என்ஏபிஹெச் அங்கீகார வேலை பார்க்கும் இடத்தில், முதலில் மாற்றம் கேளுங்கள். அங்கே எல்லாத் துறையின் காகிதமும் கைக்கு வரும். இரண்டு வருஷத்தில் கட்டடம் முழுவதும் புரிந்துவிடும்.

"ஃபிரஷர். எந்த டிபார்ட்மென்ட்ல சேந்தா நல்லது?"

இரவு பில்லிங், இல்லையென்றால் காப்பீட்டு டெஸ்க். ஏசி ரூம் கேட்காதே தம்பி.

"டாக்டர் காலைல பத்து மணிக்கு டிஸ்சார்ஜ்னு சொல்லிட்டாரு, வீட்டுக்குப் போறப்ப ராத்திரி. இதுக்குத்தான உங்களுக்குச் சம்பளம்?"

ஆமாம், இதற்குத்தான். டிஸ்சார்ஜ் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் சுருக்க அறிக்கை தட்டச்சாகி, அவர் கையெழுத்துப் போட்டு, மிச்ச மருந்து மருந்தகத்துக்குத் திரும்பி, லேப் பாக்கி சேர்ந்து, பில் போட்டு, காப்பீடு இருந்தால் நிறுவனத்துக்கு அனுப்பி, அவர்கள் ஏதாவது கேட்டால் பதில் போட்டு, அனுமதி வர வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ், அதாவது கையிலிருந்து பணம் கட்டாத சிகிச்சைக்கான முன் அனுமதிக்கு 1 மணி நேரம், டிஸ்சார்ஜ் இறுதி அனுமதிக்கு 3 மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தைத் தாண்டி அதனால் மருத்துவமனை கூடுதலாக வசூலித்தால் அதைக் காப்பீட்டு நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து ஏற்க வேண்டும். ஆனால் அந்த மூன்று மணி நேரம், நாங்கள் கோரிக்கை அனுப்பிய பிறகுதான் ஓடத் தொடங்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். நாங்கள் மூன்று மணி நேரம் தூங்கினால் அது கணக்கில் வராது.

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன், முன்பு வேலை பார்த்த இடத்தில் நடந்தது. காசிமேட்டிலிருந்து ஒரு பெரியவர், காலை பத்துக்கு டிஸ்சார்ஜ், காப்பீடு கூடக் கிடையாது, கையில் பணத்தோடு மகன் நிற்கிறான், கிளம்பும்போது இரவு ஏழு. ஏன் என்று தோண்டினால், மிச்ச மருந்தைத் திருப்பிய சீட்டு வார்டு மேசையில் கிடந்திருக்கிறது. மதியம் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் அதைக் கீழே கொண்டுபோவது யார் வேலை என்று எந்தத் தாளிலும் இல்லை. அந்தத் தாளைத் தயாரித்ததே நான்தான். மகன் திட்டவில்லை. "நாங்க வலைய இழுத்து முடிக்கிற நேரத்துல நீங்க ஒரு சீட்ட எறக்க முடியலியேக்கா" என்று மட்டும் கேட்டான். மறுநாளிலிருந்து மதிய நேரத்துக்கு ஒரு ஆள், ஒரு பெயர்.

"வெப்சைட்ல 'இருபத்தஞ்சு வருட அனுபவம் மிக்க தலைவர்'னு போட்டிருக்காங்க. இத எப்படிப் படிக்கறது?"

வருஷத்தை விடுங்கள். நான் நான்கு விஷயம் தேடுவேன். எத்தனை படுக்கை, அல்லது லேப் என்றால் எத்தனை மையம். புதிதாகத் திறந்தாரா, ஓடிக்கொண்டிருந்ததை வாங்கி ஓட்டினாரா. புதுக் கட்டடத்துக்கு உரிமம் வாங்கி முதல் நோயாளியைச் சேர்த்தவருக்கும் பழைய இடத்தை மெருகேற்றியவருக்கும் கைப்பழக்கமே வேறு. ஒரே இடத்தில் எவ்வளவு நாள். பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை மாறியிருந்தால் தான் போட்ட திட்டம் என்ன ஆனது என்று அவருக்கே தெரிந்திருக்காது. கடைசியாக, லாப நட்டக் கணக்கு அவர் கையில் இருந்ததா, இல்லை யாரோ கொடுத்த பட்ஜெட்டைச் செலவழித்தாரா.

'மாற்றத்தை முன்னெடுத்தார்', 'வழிநடத்தினார்' மாதிரிச் சொற்கள் வந்தால் அடுத்த வரியில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்சார்ஜ் நேரம் இத்தனை மணியிலிருந்து இத்தனையாகக் குறைந்தது என்று எழுதியிருந்தால் அவர் மேலே சொன்ன சீட்டைத் தேடி வார்டுக்கு நடந்திருக்கிறார் என்று அர்த்தம்.

"போட்டிருக்கறது உண்மையான்னு நாம எப்படித் தெரிஞ்சுக்கறது?"

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் சுலபம், மூத்த நிர்வாகிகள் மாறும்போது பங்குச்சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும், நியமனம் என்றால் சின்னதாக ஒரு பின்னணிக் குறிப்பும் சேர்த்து. அது இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஆண்டறிக்கையிலும் மூத்த நிர்வாகிகள் விவரம் இருக்கும். ஒரு நுணுக்கம்: 2013 கம்பெனிச் சட்டம் 'முக்கிய நிர்வாகப் பணியாளர்' என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிற பதவிகளில் தலைமைச் செயல் அதிகாரியும் தலைமை நிதி அதிகாரியும் உண்டு, சிஓஓ என்ற பெயர் அதில் இல்லை. அந்தப் பட்டியலில் காணோமே என்பதற்காகப் போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்தால் மருத்துவர்தானா, முனைவர் பட்டமா என்று பாருங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு இருந்தால் அதன் தளத்திலேயே தேடலாம். பட்டியலிடாத தனியார் நிறுவனம் என்றால், முன்பு அவர் இருந்த மருத்துவமனையின் செக்யூரிட்டியிடமும் கேன்டீனிலும் விசாரியுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். நல்லவிதமாகத்தான் சொன்னார்கள்.

"என்ன சொன்னாலும் படுக்கைக்கு இவ்ளோ வசூல் பண்ணணும்னுதானே இவங்கள வேலைக்கு வைக்கறாங்க?"

அந்த அழுத்தம் உண்டு, பூசி மெழுக மாட்டேன். நிரம்பிய ஒரு படுக்கைக்குச் சராசரி வருமானம் என்று ஒரு எண் எல்லா நிறுவனக் கூட்டத்திலும் திரையில் வரும். அதை உயர்த்த இரண்டு வழி. ஒன்று, தேவையற்ற நாள்களைக் குறைத்து அடுத்த நோயாளிக்கு இடம் கொடுப்பது, இது நோயாளிக்கும் நல்லது. இன்னொன்று என்னவென்று உங்களுக்கே தெரியும். அதைச் செய்ய டாக்டரின் கையெழுத்து வேண்டும், அதனால்தான் இரண்டாவது கேள்வியில் சொன்ன பிரிவினை முக்கியம். மருத்துவ இயக்குநர் ஆபரேஷன்ஸ் தலைவருக்குக் கீழே வேலை செய்கிற அமைப்பு இருந்தால் நான் அங்கே சேர மாட்டேன்.

எங்கள் பகுதியில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, சிகிச்சைக்கு நிர்ணயித்த கட்டணம். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ள மணலி, எண்ணூர் தொழிலாளிகளுக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. அந்தக் கட்டணத்துக்குள் தரத்தைக் குறைக்காமல் முடிப்பதுதான் சவால், பணக்காரப் பேட்டையில் மட்டும் வேலை பார்த்தவர்களுக்கு இது பழக்கமே இருக்காது.

"சட்டமெல்லாம் எவ்ளோ தெரிஞ்சிருக்கணும்? வக்கீல் இருக்காருல்ல?"

வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு வருவார். மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு, தீயணைப்புத் துறைச் சான்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு, எக்ஸ்ரே சிடி கருவிகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய அனுமதி, ஸ்கேன் அறைக்குப் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டத்தின் பதிவு, இவை காலாவதியாகும் தேதி தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். மருத்துவக் கழிவுக்கு 2016 விதிகள்: ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையில், பிளாஸ்டிக் குழாய் சிவப்பில், ஊசி வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில், ரத்தம் தோய்ந்ததையும் உடல் பாகங்களையும் 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நேர்முகத் தேர்வில் யாராவது சிஓஓ பதவிக்கு வந்தால் இந்த நிறங்களைக் கேட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

"வட சென்னைல வேலை பாத்தேன்னு போட்டா மதிப்பு இருக்குமா? கிரீம்ஸ் ரோடு பக்கம் போனாத்தான ரெஸ்யூமே எடுபடும்?"

கேட்டவர் எங்கள் இரவு மேற்பார்வையாளர், வியாசர்பாடிப் பெண். கிரீம்ஸ் ரோட்டுப் பெரிய தனியார் ஆஸ்பத்திரியின் பெயர்ப் பலகைக்கு மதிப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல், தண்ணீர், எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய். அது வடிவதற்குள் 26-ம் தேதி நள்ளிரவு பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத் திணறலோடு கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடிவந்தார்கள். அன்றைக்கு இரவுப் பணியில் இருந்தது அவர்தான். வாசலிலேயே கண்ணைக் கழுவத் தண்ணீர்க் குழாய் இழுத்து வைத்தது, ஆக்சிஜன் சிலிண்டர்களை மாடியிலிருந்து இறக்கியது, வீட்டுக்குப் போய்விட்ட மருந்தகத்துப் பையனைத் திரும்ப வரவழைத்தது எல்லாம் அவர் முடிவு. எனக்கு அவர் போன் போட்டதே இதையெல்லாம் செய்து முடித்த பிறகுதான்.

இப்போது ஒரு பெரிய நிறுவனத்தில் யூனிட் ஆபரேஷன்ஸ் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். எனக்குக் காட்டிய தாளில் அந்த ராத்திரியைப் பற்றி 'நெருக்கடிச் சூழல்களைத் திறம்படக் கையாண்டேன்' என்று ஒரே வரி இருந்தது. அதை அடித்துவிட்டு, எத்தனை மணிக்கு முதல் ஆள் வந்தார், எத்தனை பேர் வந்தார்கள், கையில் எத்தனை சிலிண்டர் இருந்தது, எவ்வளவு நேரத்தில் எல்லாரும் உள்ளே வந்தார்கள் என்று எழுதச் சொன்னேன். வேலை இன்னும் கிடைக்கவில்லை, இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.